துபாய், சிங்கப்பூர், நடுவில் கீழக்கரை: தூரமும் நேரமும் கற்றுத்தந்தவை

கீழக்கரையில் ஒரு வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் துபாயிலும் இன்னொருவர் சிங்கப்பூரிலும் இருப்பது புதிய செய்தியன்று. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். லாத்தா, அதாவது அக்கா, திருமணமான காலத்திலிருந்து துபாயில் வசிக்கிறார். தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். உம்மாவுடன் ஊரில் இருக்கும் நான் பயணச்சீட்டு, விசா, வண்டி, மருந்து ஆகியவற்றைக் கவனித்துக்கொள்கிறேன். லாத்தாவின் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது உம்மா துபாய்க்குச் சென்று சில மாதங்கள் தங்கியிருந்தார். அவர் திரும்பும் காலம் நெருங்கியபோது, தம்பி மனைவியின் பேறுகாலமும் நெருங்கிக்கொண்டிருந்தது. எழுபதை எட்டிக்கொண்டிருக்கும் உம்மாவைத் துபாயிலிருந்து நேராகச் சிங்கப்பூருக்கு அனுப்புவதா, ஊருக்கு வந்து சில வாரங்கள் இருந்துவிட்டுப் போகச் சொல்வதா என்ற கேள்வி அப்போது எழுந்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் போட்ட கணக்குகள் பின்னர் எங்கள் தெருவில் பலருக்குப் பயன்பட்டன. ஆகவே அவற்றை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் இடையிலுள்ள வான்வழித் தூரம் ஏறத்தாழ 5,850 கிலோமீட்டர். பூமி உருண்டை என்பதால் இரண்டு ஊர்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி, பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தட்டையான படத்தில் அளவுகோல் வைத்துக் கிழிக்கும் கோடு அன்று. உலக உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் அது எந்த ஊர்களின் மேல் படிகிறதோ அதுவே உண்மையான வழி. தம்பி மகனின் சிறிய உலக உருண்டையில் இப்படி நூல் பிடித்துப் பார்த்தால், அந்த வழி அரபிக் கடலைக் கடந்து, மும்பைக்குச் சற்றுத் தெற்கே கரையேறி, தக்காணத்தின் குறுக்காக வந்து, நெல்லூருக்கு வடக்கே வங்கக் கடலுக்குள் இறங்கி, சிங்கப்பூரை அடைகிறது. விமானங்கள் காற்றுக்கும் வான்வழி அனுமதிகளுக்கும் ஏற்ப இதிலிருந்து சற்று விலகிப் போகலாம். ஆயினும் வழியின் போக்கு இதுதான்.

இதில் நம் பகுதிக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சென்னையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தூரத்தில், ஒவ்வொன்றும் சுமார் 2,930 கிலோமீட்டரில், இருக்கின்றன. திருச்சியிலிருந்து துபாய் சுமார் 2,940 கிலோமீட்டர்; சிங்கப்பூர் சுமார் 2,980 கிலோமீட்டர். கூட்டிப் பார்த்தால் 5,920. அதாவது, துபாயிலிருந்து சிங்கப்பூருக்கு நேராகப் பறப்பவரைவிடத் திருச்சியில் இறங்கிச் செல்பவர் வானத்தில் கூடுதலாகக் கடப்பது ஏறத்தாழ 70 கிலோமீட்டர் மட்டுமே. ஏறக்குறைய கீழக்கரைக்கும் தொண்டிக்கும் இடையிலுள்ள தூரம்தான் அது. தன் பிள்ளைகள் இருவரும் எதிரெதிர்த் திசைகளில் ஒரே தொலைவில் இருக்கிறார்கள் என்று நான் சொன்னபோது உம்மாவின் முகத்தில் வந்த நிறைவை மறக்க முடியாது.

அடுத்தது பறக்கும் நேரம். பயணிகள் விமானம் உச்ச உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. ஆனால் தூரத்தை 900ஆல் வகுத்தால் கிடைக்கும் விடை, சீட்டில் அச்சிட்டிருக்கும் நேரத்தைவிடக் குறைவாகவே இருக்கும். நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வது, மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவது, இறங்குவதற்கு முறை வரும்வரை வானில் சுற்றுவது எல்லாம் அந்த நேரத்தில் அடக்கம். நான் கையாளும் கணக்கு எளிது: கிலோமீட்டரை 850ஆல் வகுத்து, அதனுடன் அரை மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்வேன். திருச்சியிலிருந்து துபாய்க்கு நான்கு மணி நேரம் என்று வரும். துபாயிலிருந்து சிங்கப்பூருக்கு ஏழு மணி இருபது நிமிடங்களை ஒட்டி வரும். அட்டவணையில் போட்டிருக்கும் நேரமும் இதற்குக் கால் மணி முன்பின்னாகவே இருக்கிறது. யாராவது இரண்டு ஊர்களின் பெயரைச் சொல்லி எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், தூரம் மட்டும் தெரிந்தால் போதும், இந்தக் கணக்கே விடை தந்துவிடும்.

ஆனால் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. துபாயிலிருந்து கிழக்கே சிங்கப்பூருக்குச் செல்லும் விமானத்தைவிடத் திரும்பி மேற்கே வரும் விமானத்துக்கு வழக்கமாகச் சற்று அதிக நேரம் ஒதுக்கப்படுகிறது. இதற்குக் காரணம் காற்று. நம் கடற்கரையில் இதை விளக்க வேண்டியதில்லை. கச்சான் எனும் மேற்குக் காற்று வீசும்போது மேற்கே போகும் வள்ளம் படும் பாட்டை அறிந்தவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். குளிர்காலத்தில் அரேபியாவுக்கும் வட இந்தியாவுக்கும் மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக மிக வேகமான காற்றோட்டம் நிலவுகிறது. அதன் போக்கில் செல்லும் விமானம் முந்துகிறது, எதிர்த்து வரும் விமானம் பிந்துகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, இன்னும் உயரத்தில், இதற்கு நேர்மாறாகக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றோட்டம் உருவாகிறது. அந்தக் கீழைக் காற்றோட்டத்தை விவரித்து 1958இல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர் இந்திய வானிலை ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. கோட்டேஸ்வரம். கீழே கச்சான் அடிக்கும் அதே மாதங்களில் மேலே கொண்டல் எனும் கீழைக் காற்று ஓடுகிறது என்பது எனக்குப் பெரிய வியப்பைத் தந்தது. நடைமுறையில் பயணி அறிந்துகொள்ள வேண்டியது, ஒரே வழித்தடத்தில் இரண்டு திசைகளுக்கும் இரண்டு நேரங்கள் உண்டு என்பதும், டிசம்பரில் பார்த்த நேரம் ஜூலையில் அப்படியே இருக்க வேண்டியதில்லை என்பதும்தான்.

மூன்றாவது, கடிகார நேரம். பெரும்பாலோர் குழம்புவது இங்கேதான். துபாயைவிடச் சிங்கப்பூர் நான்கு மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதிகாலை 3 மணிக்குத் துபாயில் கிளம்பும் விமானம் சிங்கப்பூரில் பிற்பகல் 2.15க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சீட்டை மேலோட்டமாகப் பார்ப்பவர் பதினொன்றே கால் மணி நேரப் பயணம் என்று அஞ்சுவார். திரும்பி வரும்போது சிங்கப்பூரில் நள்ளிரவு 12.30க்குக் கிளம்பித் துபாயில் அதிகாலை 4 மணிக்கு இறங்கினால், மூன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் முன்னது ஏழே கால் மணி நேரம், பின்னது ஏழரை மணி நேரம்.

இதற்கு நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. நாம் நடுவில் இருப்பதால், இரண்டு நேரங்களையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட வேண்டும். துபாய் நேரத்துடன் ஒன்றரை மணியைக் கூட்டினால் இந்திய நேரம். சிங்கப்பூர் நேரத்திலிருந்து இரண்டரை மணியைக் கழித்தால் இந்திய நேரம். அதிகாலை 3 மணி நமக்கு 4.30, பிற்பகல் 2.15 நமக்கு முற்பகல் 11.45, இடையில் ஏழே கால் மணி நேரம். உம்மாவின் பயணத்தாளில் ஒவ்வொரு நேரத்துக்கும் அருகில் இந்திய நேரத்தையும் எழுதிக் கொடுத்தேன். அவர் கைக்கடிகாரத்தை எங்கும் மாற்றாமல் ஊர் நேரத்திலேயே வைத்துக்கொண்டார். பயண நாளில் இரத்த அழுத்த மாத்திரையையும் இன்சுலினையும் எந்த மணிக்கு எடுப்பது என்ற கேள்விக்கும் அந்தக் கடிகாரமே விடையாக இருந்தது. பயண நாள் முழுவதும் இந்திய நேரத்தைப் பின்பற்றி, போய்ச் சேர்ந்தபின் மெல்ல அந்த ஊர் நேரத்துக்கு மாறலாம் என்று இராமநாதபுரத்தில் அவரைப் பார்க்கும் மருத்துவர் கூறியிருந்தார். ஒவ்வொருவரின் மருந்தும் உடல்நிலையும் வேறு என்பதால் இதைத் தத்தம் மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்சுலினைக் கைப்பையில் வைக்க வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் பொது. சரக்குப் பகுதிக் குளிரில் அது உறைந்து கெட்டுவிடக்கூடும்.

நள்ளிரவை ஒட்டிய விமானங்களில் தேதியையும் ஊன்றிப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை 00.40 என்று சீட்டில் இருந்தால், வியாழக்கிழமை இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். கீழக்கரையிலிருந்து வியாழக்கிழமை பிற்பகல் அஸர் தொழுதவுடன் கிளம்ப வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் வெள்ளி இரவு என்று நினைத்துப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் ஏற வேண்டிய விமானம் முந்தைய இரவே போய்விட்டிருந்தது. அதிலிருந்து யாருடைய சீட்டு என் கைக்கு வந்தாலும், வீட்டிலிருந்து கிளம்பும் கிழமையையும் மணியையும் தமிழில் பெரிதாக எழுதித் தருகிறேன்.

இனி இந்தக் கணக்குகளில் எது பெரியது என்பதற்கு வருகிறேன். மேலே சொன்ன அனைத்தும் விமான நிலையத்திலிருந்து விமான நிலையம்வரைதான். நம் கடற்கரையில் உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருக்கிறது. ஆனால் எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் பயணிகள் விமானச் சேவை கிடையாது. கீழக்கரையிலிருந்து மதுரை விமான நிலையம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். திருச்சி விமான நிலையம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சென்னைக்கு இரவு முழுவதும் இரயிலில் பயணம் செய்ய வேண்டும். மதுரைச் சாலை பரமக்குடிக்கு அப்பால் நான்கு வழியாக இருப்பதால் பயணம் எளிது. ஆனால் வெளிநாட்டு நேரடி விமானங்கள் திருச்சியில்தான் அதிகம். 2024இல் புதிய முனையம் திறக்கப்பட்ட பிறகு அங்கே குடியேற்றச் சோதனைக்கான இடவசதியும் கூடியிருக்கிறது. தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகச் செல்பவர்களுக்கு விமான நிலையம் திருச்சி நகருக்கு முன்பே, புதுக்கோட்டைச் சாலையிலேயே வந்துவிடுகிறது. நகர நெரிசலுக்குள் போக வேண்டியதில்லை.

வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை கணக்கிட்டுப் பார்த்தேன். லாத்தா வீட்டிலிருந்து துபாய் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம் முன்பாகச் சேர வேண்டும். பறப்பது நான்கே கால். திருச்சியில் குடியேற்றம், பெட்டி, சுங்கம் என ஒரு மணி நேரம். பிறகு சாலையில், நடுவில் ஒரு தேநீர் நிறுத்தத்துடன், நாலரை மணி நேரம். மொத்தம் பதிமூன்றே முக்கால் மணி நேரம். துபாயிலிருந்து சிங்கப்பூருக்கு நேராகப் போனால், வீட்டிலிருந்து நிலையம் ஒரு மணி, காத்திருப்பு மூன்று மணி, பறப்பது ஏழே கால், வெளியே வர ஒரு மணி, தம்பி வீட்டுக்கு ஒரு மணி. மொத்தம் பதிமூன்றே கால். தூரத்தில் பாதியே உள்ள எங்கள் வீடு, நேரத்தில் சிங்கப்பூரைவிடத் தொலைவாக இருந்தது! 2,940 கிலோமீட்டர் வானத்தைக் கடப்பதைவிடத் திருச்சியிலிருந்து கீழக்கரைவரையுள்ள 200 கிலோமீட்டர் தரையைக் கடப்பதற்கு அதிக நேரம் பிடிக்கிறது. இந்தக் கடற்கரையில் விமான நிலையம் வேண்டும் என்று மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருவதன் நியாயத்தை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கணக்கின்படி நேரடி விமானமே சிறந்தது என்று தோன்றும். விடுமுறை நாட்களை எண்ணிக்கொண்டு வருகிற லாத்தா போன்றவர்கள் தம்பியைப் பார்க்கப் போவதென்றால் அதுதான் சரி. நடுவில் ஊருக்கு வந்து போனால் இன்னொரு பதினான்கு மணி நேரப் பயணம் சேர்ந்துகொள்ளும். ஆனால் உம்மாவுக்கு நாங்கள் வேறு முடிவெடுத்தோம். நான்கு மணி நேரத்துக்கும் மேலாக அசையாமல் அமர்ந்து பயணம் செய்பவர்களுக்குக் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. விமானத்துக்கு மட்டுமன்றி, பேருந்துக்கும் காருக்கும் இரயிலுக்கும் அது பொருந்தும். தனி ஒருவருக்கு அந்த ஆபத்து சிறியதுதான். ஆயினும் கால் வீக்கம் உள்ள உம்மாவை ஏழே கால் மணி நேரம் தொடர்ந்து உட்கார வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அவருக்குச் சொந்தக் கட்டிலில் சில வாரங்கள் படுத்து எழ வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. ஊருக்கு வந்தார், இரத்தப் பரிசோதனை செய்தார், பிறகு புறப்பட்டார். காரில் வரும்போது காரைக்குடிக்கு அருகே இறங்கிச் சற்று நடக்கச் சொன்னதையும், விமானத்தில் நடைபாதை ஓர இருக்கை எடுத்ததையும் இந்தக் கணக்கின் பகுதியாகவே கருதுகிறேன்.

ஊரில் தங்காமல், ஒரே நாளில் திருச்சியிலோ சென்னையிலோ விமானம் மாறிச் செல்ல நினைப்பவர்கள் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். இரண்டு பயணங்களும் ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறிப்போனால் மாற்று ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக மலிவு விலையில் வாங்கிய இரண்டு சீட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. குடியேற்றம் முடித்து, பெட்டியை எடுத்து, மீண்டும் வரிசையில் நின்று பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் வெளிநாட்டு விமானத்துக்கான பதிவைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுகின்றன. அப்படி மாறுவதாக இருந்தால் இடையில் ஆறு மணி நேரமாவது விட வேண்டும் என்பது என் கருத்து. சக்கர நாற்காலி தேவைப்படும் முதியவர்களுக்கு அதைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பாவது பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூர் செல்பவர்கள் வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள், அந்நாட்டுக் குடியேற்றத் துறையின் தளத்தில் கட்டணமின்றி நிரப்பலாம். இதற்குப் பணம் கேட்பவர்களிடம் கொடுக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: குருமாவுக்கு என்று பாசத்தோடு கட்டிக் கொடுக்கும் கசகசா இந்த இரண்டு நாடுகளிலும் தடை செய்யப்பட்ட பொருள். பெட்டி கட்டும் கைகளிடம் இதை ஒவ்வொரு முறையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

உம்மா சிங்கப்பூரிலிருந்து திரும்பியது ரமலானில். மேற்கே பறப்பவர்க்குப் பகல் நீள்கிறது. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் இருப்பதால், நோன்பு இரண்டரை மணி நேரம் நீளும் என்று பலர் கணக்கிடுகிறார்கள். சூரியன் அப்படிக் கணக்கிடுவதில்லை. தீர்க்கரேகை ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பது பொதுவிதி. சிங்கப்பூர் 104 பாகையிலும் திருச்சி ஏறத்தாழ 79 பாகையிலும் இருப்பதால், வேறுபாடு ஒரு மணி நாற்பது நிமிடம் மட்டுமே. மலேசியாவுடன் சேர்ந்து 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததால்தான் அங்கே சூரியன் காலை ஏழு மணியளவில் உதிக்கிறது, மாலை ஏழு மணியளவில் மறைகிறது. விமானத்தில் இருக்கும்போது சூரியன் மறையும் மஃரிப் நேரம் வந்தால் கீழேயுள்ள ஊரின் நேரத்தைப் பார்த்துப் பயனில்லை. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் சூரியன் பத்து நிமிடங்களுக்கும் மேலாகப் பிந்தியே மறையும், சன்னலில் அது மறைவதைக் கண்டபின்தான் நோன்பு திறக்க வேண்டும் என்று எங்கள் பள்ளிவாசல் ஆலிம் விளக்கினார். பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நோற்கும் சலுகை இருப்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். இன்சுலின் எடுக்கும் உம்மா அந்தச் சலுகையை ஏற்றுக்கொண்டார்.

அந்தத் திரும்பும் பயணத்துக்குச் சீட்டு எடுக்கும்போது, எந்த மணிக்குக் கிளம்புகிறது என்பதைவிட எந்த மணிக்குத் திருச்சியில் இறங்குகிறது என்பதையே முதலில் பார்த்தேன். நள்ளிரவில் இறங்கினால், அந்த நாலரை மணி நேரச் சாலைப் பயணம் முழுவதும் ஓட்டுநருக்குத் தூக்கம் கண்ணை அழுத்தும் வேளையில் விழும். வானத்தில் வரும் நான்கு மணி நேரத்தைவிட இந்த நேரத்தைப் பற்றித்தான் எனக்கு எப்போதும் அதிகக் கவலை. ஆகவே காலை விமானம் கிடைக்கும் நாளாகப் பார்த்துப் பயணத் தேதியையே மாற்றிக்கொள்வோம். கிடைக்காவிட்டால் விமான நிலையத்துக்கு அருகே ஓர் அறை எடுத்து, அதிகாலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு ஊருக்குக் கிளம்புவோம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் எச்சரிக்கை இருந்தால், போகும்போதும் இதே முறைதான்: முந்தைய நாள் மாலையே திருச்சிக்குப் போய்த் தங்கிவிடுவது. அறை வாடகை செலவுதான். ஆனால் தவறவிட்ட ஒரு விமானத்தின் சீட்டு விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது.